ஆறு ஷில்லிங் பையன்

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போகாமல் பட்டறைக்குப் போகிறான். இது ஒரு செய்தியா? எந்தப் பத்திரிகையும் இதைக் கொட்டை எழுத்தில் போடாது. ஏழை வீட்டில் நடப்பதுதானே என்று சொல்லிவிட்டு உலகம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் இருந்தால், பாவம், சின்னப் பையன், வளர்ந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று உச்சுக் கொட்டுவார்கள்.

மறந்துபோகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தோழர்கள் முன் எடுத்து வைக்கிறோம்.

அந்த மனிதர் பட்டறையில் வேலை செய்தது சில மாதங்கள்தாம். பிறகு படித்தார், உழைத்தார், உயர்ந்தார். இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். அவர் எழுத்தைப் படிக்கக் கடல் கடந்த நாடுகளில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். விக்டோரியா அரசி அழைத்துப் பேசினார். இறந்தபோது, நாட்டின் பெரியோர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கொடுத்தார்கள். அத்தனைக்குப் பிறகும் அந்தப் பட்டறையை அவர் மறக்கவில்லை. மறக்க முடியாதது மட்டுமா? உயிரோடிருந்தவரை அதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

அவர்தான் சார்லஸ் டிக்கன்ஸ்.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

1812 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத் என்ற துறைமுக ஊரில் டிக்கன்ஸ் பிறந்தார். தந்தை ஜான் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. எட்டுப் பிள்ளைகளில் சார்லஸ் இரண்டாவது. மூத்தவள் ஃபேனி.

1817 முதல் 1822 வரை சாத்தம் என்ற ஊரில் குடும்பம் இருந்தது. பையனுக்கு அது பொற்காலம். பள்ளிக்கூடம் இருந்தது. மாடி அறையில் தந்தையின் புத்தகங்கள் இருந்தன. ராபின்சன் குரூசோவும் அராபிய இரவுக் கதைகளும் டான் குயிக்சாட்டும் அவனுக்குத் தோழர்களாயினர். மாலையில் தந்தையோடு நடந்து போகும்போது குன்றின்மேல் ஒரு பெரிய வீட்டைப் பார்ப்பான். அதன் பெயர் கேட்ஸ் ஹில். நன்றாக உழைத்தால் ஒருநாள் அந்த வீட்டில் நீயும் வாழலாம் என்று தந்தை சொல்வாராம். பையன் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

ஜான் டிக்கன்ஸ் கெட்டவர் அல்லர். பிள்ளைகள்மீது உயிர். ஆனால் வரவுக்கு மிஞ்சிய செலவு. விருந்து வைப்பார், உடை உடுத்துவார், கடன் வாங்குவார். வாங்கிய கடனை அடைக்க வேறு கடன் வாங்குவார்.

1822-இல் குடும்பம் லண்டன் போயிற்று. கேம்டன் டவுனில் ஒரு சிறு வீடு. அக்காள் ஃபேனிக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சார்லஸை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. அவன் தந்தையின் பூட்சுக்கு மெருகு போட்டான், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டான், கடைக்கு ஓடினான். கடன்காரர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். தாய் ஒரு பள்ளிக்கூடம் நடத்திப் பிழைக்கலாம் என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டினாள். சார்லஸ் வீடு வீடாகப் போய்த் துண்டு விளம்பரம் கொடுத்தான். ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போயிற்று. மாடி அறைத் தோழர்களான அந்தப் புத்தகங்களையும் விற்றார்கள். அவற்றைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனவன் சார்லஸ்தான்.

படித்துறைப் பட்டறை

1824 பிப்ரவரி. சார்லசுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய வாரம். உறவினர் ஒருவர் உதவி செய்ய வந்தார். தேம்ஸ் நதியின் ஹங்கர்ஃபோர்டு படித்துறையில் வாரன் என்ற பெயரில் பூட்ஸ் பாலிஷ் பட்டறை ஒன்று நடந்தது. உறவினர் அதை மேற்பார்த்து வந்தார். பையனை அங்கே அனுப்பினால் வாரம் ஆறு ஷில்லிங் கிடைக்கும் என்றார். தாயும் தந்தையும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள்.

ஆற்றங்கரையில் இற்றுப்போன பழங்கட்டடம். தரைப் பலகைகள் உளுத்துப் போயிருந்தன. நிலவறையில் எலிகள் கூட்டமாகத் திரிந்தன. அவற்றின் கீச்சொலி படிக்கட்டு வழியே மேலே கேட்கும். பாலிஷ் ஜாடியின் வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூட வேண்டும், அதன்மேல் நீலக் காகிதம் வைக்க வேண்டும், நூலால் சுற்றிக் கட்ட வேண்டும், ஓரத்தைச் சீராக வெட்ட வேண்டும். இப்படிப் பல டஜன் ஜாடிகள் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்ட வேண்டும். இதுதான் வேலை. காலையில் தொடங்கி இரவு வரை இதுவேதான்.

அந்த நாளில் சட்டம் ஏதும் இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். 1819-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அது பஞ்சாலைப் பிள்ளைகளுக்கு மட்டும். அதைச் சரிவர நடத்திவைக்கத் தனி அதிகாரிகளும் இல்லை. பாலிஷ் ஜாடி கட்டும் பிள்ளைகளைச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை.

கடனாளிச் சிறை

சார்லஸ் வேலைக்குப் போன சில நாட்களில், பிப்ரவரி 20 அன்று, தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு 40 பவுன் 10 ஷில்லிங் பாக்கி. மார்ஷல்சீ என்ற கடனாளிச் சிறையில் அடைத்தார்கள்.

திருடினவனுக்கு இத்தனை மாதம் என்று தண்டனைக் கணக்கு உண்டு. கடனாளிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. கடனைத் தீர்க்கும் வரை உள்ளே கிடக்க வேண்டும். உள்ளே கிடப்பவன் எப்படிச் சம்பாதிப்பான், எப்படித் தீர்ப்பான் என்று சட்டம் எழுதியவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. ஜானுக்காவது அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கைத்தொழிலாளி ஒருவன் அங்கே போய் விழுந்தால் அவன் கதி என்ன?

வாடகை கொடுக்க முடியாமல் தாயும் சிறு பிள்ளைகளும் சிறைக்குள்ளேயே தந்தையோடு குடிபுகுந்தார்கள். அந்நாளில் அது வழக்கம். சார்லஸ் வெளியே நின்றான். முதலில் யாரோ ஒரு கிழவி வீட்டில் தங்கினான். பிறகு சிறைக்கு அருகே லாண்ட் தெருவில் ஒரு பரண் அறை கிடைத்தது. சனிக்கிழமை வாங்கும் கூலியை ஆறு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் கிழமையை எழுதி வைப்பான். ஒரு நாள் பொட்டலத்தை மறுநாளுக்கு முன் தொடக்கூடாது என்பது அவன் போட்டுக்கொண்ட சட்டம். ஆனால் காலையில் வேலைக்குப் போகும் வழியில், பாதி விலைக்கு விற்கும் நேற்றைய பலகாரம் கண்ணில் படும். பசித்த பையன் வாங்கித் தின்றுவிடுவான். அன்று மதியச் சாப்பாட்டுக்குக் காசு இருக்காது.

கடனாளிச் சட்டத்தின் கீழ் விடுதலை பெற வேண்டுமானால், கடனாளியின் குடும்பத்தார் உடுத்திய உடையும் உடைமையும் 20 பவுனுக்கு மேற்படக் கூடாது. ஆகவே சார்லஸும் மதிப்புப் போடும் அதிகாரி முன் போய் நின்றான். அவன் பையில் பாட்டி கொடுத்த வெள்ளிக் கடிகாரம் டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் போய்விடுமோ என்று அவன் நெஞ்சும் அடித்துக்கொண்டது. அதிகாரி பையனின் வெளுத்த உடையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

பாப் ஃபேகின்

பட்டறையில் பாப் ஃபேகின் என்று ஒரு பையன் இருந்தான். தாய் தந்தை இல்லாதவன். படகுக்காரரான மைத்துனர் வீட்டில் வளர்ந்தான். வேலைக்கு வந்த முதல்நாளே நூலை எப்படிச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும் என்று சார்லசுக்குக் கற்றுக் கொடுத்தவன் அவன்தான்.

சார்லசுக்குச் சிறு வயதிலிருந்தே விலாவில் வலி வந்து துடிக்கும் நோய் உண்டு. ஒருநாள் பட்டறையிலேயே வலி வந்தது. பாப் அவனை வைக்கோலில் படுக்க வைத்து, காலி பாலிஷ் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, மாற்றி மாற்றி அரைநாள் ஒத்தடம் கொடுத்தான். மாலையில் வலி குறைந்தது. இவனைத் தனியே விடக்கூடாது என்று பாப் துணைக்கு நடந்து வந்தான்.

சார்லஸ் என்ன செய்தான் தெரியுமா? தன் குடும்பம் சிறையில் இருப்பது பாபுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பதறினான். பலமுறை போய்வருகிறேன் என்று சொல்லியும் பாப் விடவில்லை. கடைசியில் சவுத்வார்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று, இதுதான் என் வீடு என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பினான். பாப் திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படுவானே என்று கதவையும் தட்டினான். திறந்த பெண்ணிடம், இது ராபர்ட் ஃபேகின் வீடா என்று கேட்டுச் சமாளித்தான்.

தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தவறு செய்தது இந்தப் பையனா? கடன் வாங்கியவன் அவன் அல்லன். சிறைச் சட்டம் எழுதியவன் அவன் அல்லன். பிள்ளைகளை வேலை வாங்கி லாபம் பார்த்தவனும் அவன் அல்லன். ஆனால் வெட்கப்பட்டவன் அவன்தான். பெரியவர்கள் இறக்கி வைத்த வெட்கத்தைப் பிள்ளை தூக்கிச் சுமக்கிறான்.

தாயின் ஒரு சொல்

1824 மே 28 அன்று ஜான் விடுதலையானார். பையன் மட்டும் பட்டறையை விட்டு விடுதலையாகவில்லை. அந்த நாளில் ஃபேனிக்கு இசைக் கல்லூரியில் பரிசு கொடுத்தார்கள். அக்காளுக்குப் பரிசு கிடைப்பதைப் பார்த்து அவனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அன்றிரவு, தன்னை இந்தப் புறக்கணிப்பிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று ஆண்டவனை வேண்டி அழுதான்.

பட்டறை வேறு தெருவுக்கு மாறியது. அங்கே நல்ல வெளிச்சத்துக்காகப் பையன்களைச் சன்னலோரம் உட்கார வைத்தார்கள். சார்லசும் பாபும் அவ்வளவு வேகமாக முடிச்சுப் போடுவார்களாம். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தந்தையும் ஒருநாள் வந்து பார்த்தார்.

பிறகு தந்தைக்கும் அந்த உறவினருக்கும் சண்டை வந்தது. பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் தாய் போய்ச் சமாதானம் பேசி, பையன் திரும்ப வேலைக்கு வரலாம் என்ற செய்தியோடு வந்தாள். தந்தை மறுத்துவிட்டார். இவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்.

தாய் தன்னைத் திரும்ப அனுப்ப விரும்பினாள் என்பதை டிக்கன்ஸ் சாகும்வரை மறக்கவில்லை. இந்தத் தாயைப் பழிப்பது எளிது. ஆனால் அந்த வீட்டில் சின்னஞ் சிறுசுகள் இருந்தன, கணவன் கைக்கு வந்த காசு தங்காது, வாரம் வரும் அந்தச் சில ஷில்லிங் அவளுக்கு மாவு, நிலக்கரி, வாடகை. வறுமை வீட்டுக்குள் வந்தால் தாயையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்திவிடும். இதைப் புரிந்துகொள்ளப் பையனுக்கு வயது இல்லை. பெரியவரான பிறகும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

காயம் கொடுத்த கண்

இரண்டு மூன்று ஆண்டுப் பள்ளிப் படிப்பு. 1827-இல் வக்கீல் அலுவலகத்தில் எடுபிடிக் குமாஸ்தா. இரவில் கண்விழித்துச் சுருக்கெழுத்துப் பயின்றார். பாராளுமன்ற நிருபரானார். 1836-இல் பிக்விக் கதை மாத இதழ்களாக வரத் தொடங்கியது. முடிவதற்குள் ஓர் இதழ் 40,000 படிகள் விற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அடுத்துச் சிரிப்புக் கதையே எழுதிக்கொண்டு பணம் சேர்த்திருக்கலாம். அவர் என்ன எழுதினார்? அனாதை விடுதியில் பசியோடு நிற்கும் ஆலிவர் ட்விஸ்ட் என்ற பையனை எழுதினார். பிள்ளைகளை அடித்துப் பட்டினி போடும் யார்க்ஷயர் பள்ளிகளை நிக்கலஸ் நிக்கல்பியில் சந்திக்கு இழுத்தார். 1843-இல் பட்டறைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அரசாங்கக் குழுவின் அறிக்கை வந்தது. அதைப் படித்துக் கொதித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான கந்தல் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதம் என்ற சிறு கதை வந்தது.

எழுத்தோடு நின்றாரா? ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டியின் பணத்தில், தெருவுக்குத் தள்ளப்பட்ட பெண்கள் புதுவாழ்வு பெற 1847-இல் ஒரு இல்லம் திறந்து, பல ஆண்டுகள் தாமே மேற்பார்த்தார். லண்டனில் 1852-இல் தொடங்கிய குழந்தைகள் மருத்துவமனை பணமின்றித் தத்தளித்தபோது, 1858-இல் ஒரே விருந்துக் கூட்டத்தில் பேசி 3,000 பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்.

எலிகள் ஓடிய அந்தப் பட்டறை இல்லாவிட்டால் இந்தக் கண் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான். அதனால் சிலர், துன்பம்தான் மனிதனை உருவாக்குகிறது என்று தத்துவம் பேசுவார்கள். பட்டினி கிடந்தால் பையன் பெரிய ஆளாவான் என்பார்கள். அந்தத் தத்துவத்தை நாம் ஏற்க மாட்டோம். வாழ்க்கையின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆறாத புண்

டிக்கன்ஸ் இரவில் தூங்காமல் லண்டன் தெருக்களில் மைல் கணக்காக நடப்பார். 1851-இல் தந்தை இறந்தபின் இது மிகுந்தது. வீட்டில் நாற்காலி ஓரங்குலம் நகர்ந்திருந்தாலும் பொறுக்க மாட்டார். பிள்ளைகளின் அறையைத் தினமும் சுற்றிப் பார்ப்பார். எல்லாம் கைக்குள் இருக்க வேண்டும், எதுவும் சரியக் கூடாது. ஒருமுறை வீடே சரிந்து விழுந்ததைப் பார்த்த பையன் அவர்.

தந்தையின் கடன் அவரை விடவில்லை. 1834-இல் மறுபடி கைதானார் ஜான். மகன் மீட்டார். மகன் புகழ் பெற்றபின் அந்தப் பெயரைச் சொல்லிப் பதிப்பகத்தாரிடம் கடன் வாங்கினார் தந்தை. அந்தக் கடன்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று 1841-இல் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்க வேண்டி வந்தது மகனுக்கு.

1856-இல் கேட்ஸ் ஹில் வீட்டை வாங்கினார். சிறுவன் கனவு கண்ட அதே வீடு. அங்கே நிம்மதி கிடைத்ததா? 1858-இல் பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனைவி கேதரினைப் பிரிந்தார். ஓர் இளம் நடிகைமீது கொண்ட காதலும் அதற்குக் காரணம். பிரிந்ததோடு நில்லாமல், தம் பத்திரிகையிலேயே அறிக்கை வெளியிட்டார். கேதரின் நல்ல தாயாக இல்லை என்று எழுதிய அவருடைய கடிதமும் செய்தித்தாள்களில் வந்துவிட்டது. தாயிடம் ஏமாந்த பையன், தன் பிள்ளைகளின் தாயை ஊர் முன் நிறுத்திப் பழித்தார். இதற்குப் பட்டறையைச் சாக்காகச் சொல்லி அவரை நாம் விடுவிக்கப் போவதில்லை.

பிள்ளைகள் பாட்டனைப் போல் கடனாளியாகிவிடுவார்களோ என்ற அச்சம் அவரை ஆட்டியது. பையன்களைச் சிறு வயதிலேயே தூர தேசங்களுக்கு அனுப்பினார். வால்டர் என்ற மகனைப் பதினாறு வயதில் இந்தியாவுக்குக் கம்பெனிப் படையில் சேர அனுப்பினார். அவன் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இருபத்திரண்டு வயதில் இறந்தான். அவன் பட்ட கடன்களின் கணக்கு தகப்பனுக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு மகன் வங்காளப் போலீசில் சேர்ந்தான். இருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கடைக்குட்டி எட்வர்டைப் பதினாறு வயதில் வழியனுப்பியபோது ரயில் நிலையத்தில் தேம்பி அழுதார் டிக்கன்ஸ். அழுதுகொண்டே அனுப்பினார். தான் பன்னிரண்டு வயதில் தனியே விடப்பட்டதை மன்னிக்காதவர், தன் பிள்ளைகளை அதைவிட நெடுந்தூரம் தனியே விட்டார்.

இந்தியாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும், தான் அங்கே படைத்தலைவனாக இருந்தால் அந்த இனத்தையே பூண்டோடு ஒழிக்க முயல்வேன் என்ற பொருளில் பர்டெட் கூட்சுக்குக் கடிதம் எழுதினார். லண்டன் பிள்ளைக்காக உருகிய உள்ளம்தான் இப்படியும் எழுதியது. துன்பப்பட்டவன் தானாகவே எல்லாத் துன்பத்தையும் உணர்ந்துவிடுவான் என்பது உண்மையல்ல.

பணம் வந்தது. போதாது என்ற பயம் போகவில்லை. 1867 இறுதியில் நோயுற்ற உடம்போடு அமெரிக்கா போய், மேடைதோறும் தம் கதைகளைப் படித்துக் காட்டி ஏறக்குறைய 19,000 பவுன் ஈட்டினார். 1869 ஏப்ரலில் உடம்பின் இடப்பக்கம் தள்ளாடியது. மருத்துவர்கள் சுற்றுப் பயணத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே கடைசியாகச் சில மேடைகள் என்று மறுபடி ஏறினார். 1870 ஜூன் 9 அன்று இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. விட்டுச் சென்ற சொத்து சுமார் 93,000 பவுன்.

சொல்லாத கதை

ஹங்கர்ஃபோர்டு படித்துறை இடிக்கப்படும்வரை அந்தப் பக்கம் போக அவருக்குத் துணிவு வரவில்லை. வேறொரு பாலிஷ் கடை இருந்த தெருவில், மூடிகளில் பூசும் பசையின் வாடை மூக்கில் ஏறாதிருக்கத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நடப்பார்.

1840-களில் அந்த நாட்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் கொடுத்தார். வெளியிடவில்லை. அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்து, டேவிட் காப்பர்ஃபீல்டு என்ற பையன் மது புட்டி கழுவும் கிடங்கில் வேலை செய்வதாக 1849-இல் எழுதினார். லிட்டில் டாரிட் என்ற நாவலில் மார்ஷல்சீ சிறையிலேயே பிறந்த பெண்ணை எழுதினார். உலகம் படித்து அழுதது. எழுதியவரே அந்தப் பையன் என்று உலகத்துக்குத் தெரியாது.

1869 கிறிஸ்துமஸ். அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ் அதுதான். குடும்பமாக உட்கார்ந்து நினைவாற்றல் விளையாட்டு ஒன்று ஆடினார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, அடுத்தவர் அதைச் சொல்லிப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிக்கன்ஸ் முறை வந்தபோது, வாரன் பாலிஷ் என்று பெயரும் விலாசமும் சொன்னார். கண்ணில் ஒரு மினுக்கமும் குரலில் ஒரு மாற்றமும் இருந்ததை மகன் ஹென்றி கவனித்தார். பொருள் விளங்கவில்லை. தந்தை இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் மூடி வைத்த ஜாடி அது.

மருத்துவம் சொல்வது

இது ஓர் எழுத்தாளரின் விந்தை மனம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்களும் கூட்டாளிகளும் 9,508 பேரை விசாரித்து 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அடி உதை பட்டீர்களா, தாய் அடிபடுவதைப் பார்த்தீர்களா, வீட்டில் குடிகாரர் உண்டா, மனநோயாளி உண்டா, சிறை சென்றவர் உண்டா என்று ஏழு வகையாகக் கேட்டார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்கள், ஒன்றும் படாதவர்களைக் காட்டிலும் குடிப்பழக்கம், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றில் விழும் வாய்ப்பு நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு என்று கண்டார்கள். நெஞ்சு நோய், நுரையீரல் நோய்கூட அவர்களுக்கு அதிகம். பிள்ளைப் பருவத்துப் புண் மனத்தோடு நிற்பதில்லை, உடம்பையும் தின்கிறது.

இது தலைவிதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹவாயில் காவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அறிஞரும் துணைவர்களும் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மிகக் கடுமையான சூழ்நிலையில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடி நிமிர்ந்தார்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தது அவர்களுக்குப் பெரிய பலம். சார்லசுக்கு அந்தப் பெரியவர் கிடைக்கவில்லை. கிடைத்தவன் தன்னைப் போன்ற சிறுவன் பாப்.

பாபுக்காக அழுதது யார்?

அந்தப் பாபின் பெயரைத்தான் டிக்கன்ஸ், ஆலிவர் ட்விஸ்டில் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கயவனுக்குச் சூட்டினார். ஏன்? பாபின் அன்பு அந்தப் பட்டறையோடு தன்னைக் கட்டிப்போட்டுவிடும் என்று பையன் பயந்திருப்பான் என நமக்குத் தோன்றுகிறது. பட்டறையில் சார்லஸைக் குட்டிக் கனவான் என்று அழைத்தார்கள். தான் வேறு, இவர்கள் வேறு என்ற எண்ணம் அவனுக்கும் இருந்தது. அவன் வெட்கத்தில் பாதி பசியால் வந்தது, பாதி தொழிலாளிப் பிள்ளைகளோடு உட்கார நேர்ந்ததால் வந்தது.

கனவான் வீட்டுப் பிள்ளை சில மாதம் ஜாடி கட்டினான். உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. அவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்த பாப்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த போல் கிரீன் என்ற படகுக்காரர் மகன்? அவர்களை எந்தத் தந்தையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. அவர்களுக்கு விலா வலித்தபோது யார் ஒத்தடம் கொடுத்தார்கள்? அவர்கள் நெஞ்சில் பட்ட புண்ணை எழுதி வைக்க ஆளில்லை. சில மாதங்களே ஒரு மேதையை நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆட்டி வைத்தன என்றால், பிள்ளைப் பருவம் முழுவதையும் பட்டறைக்குக் கொடுத்தவர்களின் கணக்கு என்ன?

அந்தக் கணக்கைத் தனிமனிதனின் கண்ணீர் தீர்க்கவில்லை. தொழிலாளரும் சீர்திருத்தக்காரரும் பல்லாண்டுகள் கிளர்ந்த பிறகு 1833-இல் ஆலைச் சட்டமும், அதை நடத்திவைக்க அதிகாரிகளும் வந்தார்கள். 1842-இல் மார்ஷல்சீ மூடப்பட்டது. 1869 சட்டம் கடனுக்காகச் சிறையில் தள்ளுவதைப் பெரும்பாலும் ஒழித்தது. டிக்கன்ஸ் இறந்த இரண்டு மாதங்களில், 1870 ஆகஸ்டில், இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அவர் பையனாக இருந்தபோது அவை இருந்திருந்தால், ஒரு பேனாவுக்கு ஒரு கதை குறைந்திருக்கலாம். ஒரு மனிதர் இரவில் தூங்கியிருப்பார்.

கடன் ஒரு வீட்டில் ஏறும்போது முதலில் வெளியே போவது பிள்ளையின் புத்தகம். பிறகு பிள்ளை. அந்தக் கணத்தில் அவனிடம் பெரியவர்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இது உன் குற்றமல்ல, இதில் உனக்கு வெட்கமில்லை, உன்னைத் திரும்பப் பள்ளியில் உட்கார வைக்கும்வரை நாங்கள் ஓய மாட்டோம் என்று சொல்ல வேண்டும். சார்லசிடம் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தும் காட்ட வேண்டியது நம் போன்ற உழைப்பவர்களின் கடமை. வெட்கப்பட வேண்டியவன் பிள்ளையை வேலை வாங்குகிறவன். வெட்கம் அவனிடம் போய்ச் சேரட்டும்.